பாயசம் மட்டும் பெய்ஜிங்கில்

கேள்வி: ஏழு வருஷம் தூதரக உறவே இல்லாமல் இருந்த சவூதியும் ஈரானும் 2023-ல் கைகுலுக்கியது முழுக்க சீனாவின் சாமர்த்தியம்தானா?
– வாசகர், தென்காசி

பதில்: பாயசம் பரிமாறியது சீனா. சமைத்தது பாக்தாத்தும் மஸ்கட்டும். 2021 ஏப்ரலில் தொடங்கி பாக்தாத்தில் மட்டும் ஐந்து சுற்று உட்கார்ந்து பேசினார்கள். 2023 மார்ச் 10 அன்று வெளியான கூட்டறிக்கையிலேயே ஈராக்குக்கும் ஓமனுக்கும் நன்றி இருக்கிறது. ஆனால் ஈரானின் ஷம்கானிக்கும் சவூதியின் அல் ஐபானுக்கும் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டவர் சீனாவின் வாங் யி. கல்யாண ஆல்பத்தில் சமையல்காரர் எங்கே இருப்பார்?

பிரிவு நேர்ந்தது 2016 ஜனவரியில். ஷியா மதகுரு நிம்ர் அல் நிம்ருக்கு சவூதி மரண தண்டனை நிறைவேற்றியது. ஷியாக்கள் பெரும்பான்மையாக வாழும் ஈரானின் தலைநகர் டெஹ்ரானில் ஒரு கூட்டம் சவூதி தூதரகத்துக்குள் புகுந்து தீ வைத்தது. மறுநாளே உறவு முறிந்தது.

சவூதியை இறங்கிவர வைத்தது 2019 செப்டம்பர் 14 என்பது என் கணக்கு. அப்போது சவூதியின் தம்மாமில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை, டீ ஆறுவதற்குள் ஊரிலிருந்து நாலு போன். "அப்கைக்னு சொல்றாங்களே, உங்க பக்கமாப்பா?" என்றார் அம்மா. "ரொம்ப தூரம்மா" என்று பொய் சொன்னேன். காரில் போனால் ஒரு மணி நேரம்தான். அப்கைக் உள்ளிட்ட சவூதி எண்ணெய் நிலையங்கள் மீது நடந்த அன்றைய தாக்குதலில் நாளொன்றுக்கு 57 லட்சம் பீப்பாய் எண்ணெய் உற்பத்தி நின்றது. அன்று சவூதி எடுத்ததில் ஏறக்குறைய பாதி. ஏமன் கிளர்ச்சிக்காரர்களான ஹூத்திகள் 'நாங்கள்தான்' என்றார்கள், சவூதி ஈரானைக் கைகாட்டியது, ஈரான் மறுத்தது. அமெரிக்கா பதிலுக்கு ஒரு குண்டுகூடப் போடவில்லை. காவலுக்கு ஆள் இருக்கிறது என்று தூங்கியவர்களுக்கு அன்று தூக்கம் போயிருக்கும். அப்புறம்தான் எதிர்வீட்டுக்காரனிடமே பேசிவிடலாம் என்ற யோசனை. ஈரானுக்கோ பொருளாதாரத் தடைகளில் மூச்சு முட்டியது. அதற்கும் ஒரு வாசல் தேவைப்பட்டது.

கேள்வி: சரி, மனஸ்தாபம் தீர்ந்ததா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கால்பந்தைப் பாருங்கள். 2016-க்குப் பிறகு இரு நாட்டுக் கிளப்புகளும் மூன்றாம் நாட்டில்தான் மோதின. 2023 செப்டம்பரில் சவூதியின் அல் நஸர் அணியோடு ரொனால்டோவே டெஹ்ரானுக்கு வந்தார். ஊரே அவர் தங்கிய ஹோட்டல் வாசலில். அடுத்த மாதம் இன்னொரு சவூதி அணியான அல் இத்திஹாத் ஈரானின் இஸ்ஃபஹானுக்குப் போனது. ஆடுகளத்துக்குப் போகும் வழியில், 2020-ல் அமெரிக்கா கொன்ற ஈரான் தளபதி சுலைமானியின் மார்பளவுச் சிலை. அதை எடுக்காமல் இறங்க மாட்டோம் என்று சவூதி அணி நேரே விமான நிலையம் போய்விட்டது. ஆடாத ஆட்டத்தில் அவர்களுக்கு 3-0 வெற்றி என்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு பிறகு தீர்ப்பளித்தது.

இத்தனைக்கும் நவம்பரில் காஸா பற்றிப் பேச ஈரான் அதிபர் ரயீசி ரியாத்தில் வந்து இறங்கினார். சிலைப் பேச்சை அங்கே யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை.