ஹைனாவில் வேலை, சாந்தோ டொமிங்கோவில் வீடு: இதில் மாகாணம் எங்கே வருகிறது?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். டொமினிக்கன் குடியரசில் மருத்துவக் கருவி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. தொழிற்பேட்டை இருப்பது ஹைனாவில், அது சான் கிறிஸ்டோபல் மாகாணம். வீடு மட்டும் சாந்தோ டொமிங்கோவில் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "இரண்டு மாகாணம் என்றால் இரண்டு அரசாங்கமா? வரி எங்கே கட்டுவது, பேப்பர் எல்லாம் எங்கே பதிவது, ஒரு மாகாணத்தில் எடுத்த லைசென்ஸ் இன்னொன்றில் செல்லுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் ஊரிலிருந்து வருகிற பலரும் மாகாணம் என்றதும் மாநிலத்தை நினைத்துக்கொள்கிறார்கள். தனி முதல்வர், தனிச் சட்டசபை, தனிப் போலீஸ், வண்டி நம்பரில் தனி எழுத்து. இங்கே இதில் ஒன்றுகூடக் கிடையாது. ஒரே அரசாங்கம், ஒரே சட்டம், ஒரே போலீஸ். வருமான வரி முழுக்க மத்திய வரித்துறைக்குப் போகிறது. ஜனங்கள் அந்தத் துறையை இம்புவெஸ்டோஸ் இன்டெர்னோஸ் என்பார்கள். கடையில் பில்லோடு வரும் இட்பிஸ் வரி 18 சதவீதம், நாடு முழுக்க அதே சட்டம்தான். லைசென்ஸ் எங்கே எடுத்தாலும் எங்கேயும் செல்லும். குடியிருப்பு அனுமதி தருவது குடியேற்றத் துறை, அதன் தலைமை அலுவலகம் தலைநகரில். அது கையில் வந்ததும் செதுலா என்ற அடையாள அட்டைக்குத் தேர்தல் வாரியத்திடம் போக வேண்டும். ஆக, ஹைனாவில் வேலை செய்துகொண்டு தலைநகரில் குடியிருப்பதால் உங்களுக்கு ஒரு பேப்பர்கூடக் கூடுதலாக ஆகாது. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

நாட்டில் 31 மாகாணங்கள். தலைநகரின் மையப்பகுதி மட்டும் தேசிய மாவட்டம் என்று தனியாக நிற்கிறது. மொத்த நாடே தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல்தான், 2022 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1 கோடியே 7 லட்சத்தைத் தாண்டியது. அதில் 31 மாகாணம் என்றால் பெரும்பாலானவை நம் மாவட்டத்தைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு ஆளுநர் உண்டு. அவரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, ஜனாதிபதி நியமிக்கிறார். 2020இல் பதவிக்கு வந்த ஜனாதிபதி அபினாதெர் அந்த நாற்காலிகள் எல்லாவற்றிலும் பெண்களையே உட்காரவைத்தார். ஆளுநருக்குச் சட்டம் போடவோ வரி விதிக்கவோ அதிகாரம் இல்லை. மத்திய அரசின் வேலைகள் அந்த மாகாணத்தில் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதும், ஊர்க்காரர்களின் குறையை மேலே கொண்டுபோவதும்தான் வேலை. நம் கலெக்டரை மனதில் வைத்துக்கொண்டு போய் நின்றால் ஏமாற்றம்தான். கலெக்டருக்கு இருக்கிற பிடி இவர்களுக்கு இல்லை.

உங்கள் அன்றாடத்தைத் தொடுகிற அரசாங்கம் முனிசிப்பியோ, நம் நகராட்சி மாதிரி. அதன் நிர்வாகத்துக்கு அயுந்தாமியென்டோ என்று பெயர், தலைவர் அல்கால்டே, கவுன்சிலர்கள் ரெஹிடோர்கள். இவர்களை ஜனங்கள் நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், கடைசியாக 2024 பிப்ரவரியில். குப்பை அள்ளுவது, தெரு, சந்தை, சுடுகாடு, கட்டட அனுமதி எல்லாம் இவர்கள் கையில். முனிசிப்பியோவுக்குக் கீழே சில இடங்களில் முனிசிப்பல் மாவட்டம் என்று இன்னொரு சின்ன அலகும் உண்டு. புந்தா கானா என்று உலகம் முழுக்க விளம்பரம் பார்க்கிறோமே, அந்த ஓட்டல் கடற்கரை லா அல்தாகிராசியா மாகாணத்தில் இருக்கிறது. 2006இல் அதைப் பக்கத்து வெரோனோடு சேர்த்து, ஹிகுவேய் முனிசிப்பியோவுக்குக் கீழே முனிசிப்பல் மாவட்டமாகத்தான் ஆக்கினார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வந்த முதல் மாதத்திலேயே "இந்த ஊரில் குப்பையைக்கூட அள்ளமாட்டார்களா" என்று நம் ஆட்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நம் ஊரில் சொத்து வரி மாநகராட்சிக்குப் போகும். இங்கே வீட்டுக்கான வரியும் மத்திய வரித்துறைக்குத்தான். உள்ளாட்சிக்கு மேலிருந்து வருகிற பணம்தான் முக்கிய வருமானம். நாட்டின் வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குத் தர வேண்டும் என்று 166-03 என்ற சட்டம் சொல்கிறது, ஆனால் அந்தப் பங்கு முழுசாக வந்து சேர்வதில்லை. பெரிய நகராட்சி எப்படியோ சமாளிக்கிறது, சின்ன ஊர் தவிக்கிறது. ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஆளிடம் பணம் இல்லை, பணம் வைத்திருக்கிறவர்கள் தலைநகரில். இந்த நாட்டு நிர்வாகத்தின் பெரிய குறை இதுதான் என்று எனக்குப் படுகிறது. தெருமுனையில் குப்பை நின்றால் அந்த ஊர்க்காரர்களைத் திட்டாதீர்கள், அவர்களும் அதே நாற்றத்தில்தான் இருக்கிறார்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய விஷயம் இதில்தான் இருக்கிறது. "சாந்தோ டொமிங்கோவில் வீடு" என்று கம்பெனி சொன்னால் அது எந்த சாந்தோ டொமிங்கோ என்று கட்டாயம் கேளுங்கள். 2001 வரை எல்லாம் ஒரே தேசிய மாவட்டமாக இருந்தது. அந்த வருடம் 163-01 என்ற சட்டத்தால் நடுப்பகுதியை மட்டும் தேசிய மாவட்டமாக விட்டுவிட்டு, சுற்றியிருந்ததை எல்லாம் சாந்தோ டொமிங்கோ மாகாணம் என்று பிரித்தார்கள். அதற்குள் சாந்தோ டொமிங்கோ எஸ்தே, நோர்தே, ஓயெஸ்தே, அதாவது கிழக்கு, வடக்கு, மேற்கு என்று தனித்தனி முனிசிப்பியோக்கள், இன்னும் போகா சிகா, லோஸ் அல்காரிசோஸ் போன்றவை. மாகாணத்தின் தலைநகர் கிழக்கில் இருக்கிறது, நாட்டின் தலைநகர் நடுவில் இருக்கிறது. வரைபடத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே ஊராகத்தான் தெரியும்.

ஹைனா இருப்பது மேற்கே. கிழக்கில் வீடு எடுத்துக்கொடுத்துவிட்டால் காலையில் ஒசாமா ஆற்றுப் பாலத்தைக் கடந்து, நகரம் முழுவதையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பாலத்தில் காலை ஏழு மணிக்கு வண்டிகள் நிற்கிற வரிசையைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். மெட்ரோ ரயிலும் ஹைனா பக்கம் போகவில்லை. அதனால் தேசிய மாவட்டத்தின் மேற்கு ஓரம், மிராதோர் சுர் பக்கம், அல்லது சாந்தோ டொமிங்கோ ஓயெஸ்தேயில் எர்ரேரா பக்கம் கிடைக்கிறதா பாருங்கள். முன்னது வாடகை கூடுதல், பின்னது குறைவு. வாடகை ஒப்பந்தத்தில் முகவரிக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டி.என். என்று இருந்தால் தேசிய மாவட்டம். வங்கிக்குப் போனாலும் போன் கனெக்‌ஷனுக்குப் போனாலும் படிவத்தில் முதலில் மாகாணம், அப்புறம் முனிசிப்பியோ, அப்புறம் செக்டோர், அதாவது பேட்டை, என்று அந்த வரிசையில்தான் கேட்பார்கள். வீட்டு எண் பல இடங்களில் ஒரு பேச்சுக்குத்தான். டெலிவரிக்காரரிடம் எந்தக் கொல்மாடோவுக்கு எதிரே என்று சொன்னால் நேராக வந்துவிடுவார். கொல்மாடோ என்பது தெருவுக்குத் தெரு இருக்கும் மளிகைக்கடை.

பெயர்க் குழப்பம் வேறு சில இடங்களிலும் உண்டு. சான் பெத்ரோ தெ மாகோரிஸ் கிழக்கே ஒரு மாகாணம். சான் பிரான்சிஸ்கோ தெ மாகோரிஸ் வடக்கே துவார்தே மாகாணத்தின் தலைநகர். பஸ் ஏறும்போது இரண்டையும் மாற்றிவிட்டால் அன்றைய நாள் போச்சு. சாந்தியாகோ வேறு, சாந்தியாகோ ரொத்ரிகெஸ் வேறு.

உங்களுக்கு வாய்த்திருக்கிற மாகாணம் வரலாற்றில் சாதாரண இடம் இல்லை. நாடு சுதந்திரம் அறிவித்த 1844ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 6 அன்று, முதல் அரசியலமைப்பில் கையெழுத்துப் போட்டது சான் கிறிஸ்டோபல் ஊரில்தான். அதில் நாட்டை ஐந்தே மாகாணங்களாகப் பிரித்தார்கள்: அசுவா, சாந்தோ டொமிங்கோ, எல் செய்போ, லா வேகா, சாந்தியாகோ. தலைநகரிலிருந்து சான் கிறிஸ்டோபலுக்குப் போகும் பெரிய சாலைக்கு இன்றைக்கும் நவம்பர் 6 என்றுதான் பெயர். கடலோரமாக ஹைனா பக்கம் போகும் இன்னொரு சாலைக்கு மே 30 என்று பெயர். சர்வாதிகாரி த்ருஹியோவை 1961 மே 30 இரவில் அந்தச் சாலையில்தான் சுட்டுக் கொன்றார்கள். அவர் பிறந்ததும் சான் கிறிஸ்டோபலில்தான். அவர் ஆட்சியில் அந்த மாகாணத்துக்கும் அவர் பெயர், தலைநகருக்கும் அவர் பெயர். இன்றோ, அவர் ஆட்சி 1960 நவம்பர் 25 அன்று கொன்ற மிராபால் சகோதரிகளின் பெயரை ஒரு மாகாணமே தாங்கி நிற்கிறது. முன்பு சல்சேதோ என்றிருந்த மாகாணம் அது, 2007இல் பெயர் மாறியது.

ஐந்து எப்படி 31 ஆனது? ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு செனட்டர் என்பது விதி, தேசிய மாவட்டத்தையும் சேர்த்து 32 பேர். ஹைட்டி எல்லையில் இருக்கும் பெதெர்னாலெசில் 50 ஆயிரம் பேர்கூட இல்லை, சாந்தோ டொமிங்கோ மாகாணத்தில் 25 லட்சத்துக்கும் மேல். இரண்டுக்கும் ஆளுக்கு ஒரே ஒரு செனட்டர்தான். தனி மாகாணம் வேண்டும் என்று ஊர்கள் கேட்பதில் இருக்கிற ஆசை அப்போது விளங்கும். மலைநாட்டு ஓகோவா 2000இல் பெராவியாவிலிருந்து பிரிந்து தனி மாகாணமானது.

மின்சாரம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எதுவும் மாகாணக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. மின் விநியோகம் வடக்கு, தெற்கு, கிழக்கு என்று மூன்று கம்பெனிகளிடம் இருக்கிறது. தலைநகருக்குள்ளேயே மாக்சிமோ கோமெஸ் என்ற பெரிய சாலைக்கு மேற்கே ஒன்று, கிழக்கே இன்னொன்று. கல்வித்துறைக்கு 18 மண்டலம், சுகாதாரத்துக்கு 9. எந்த பில் யாரிடமிருந்து வரும் என்பதை வீட்டுக்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாகாணத்தின் பெயர் அவசரமாகத் தேவைப்படுகிற நேரம் புயல் காலம்தான். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சீசன். கோஎ என்று சொல்லப்படும் அவசரகால நடவடிக்கை மையம் எச்சரிக்கையை மாகாணவாரியாகத்தான் அறிவிக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடத்தில் நிறம் போட்டுக் காட்டுவார்கள், டிவியில் மாகாணப் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடும். பள்ளி விடுமுறையும் பல நேரம் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான். உங்கள் வீடு மஞ்சளிலும் கம்பெனி சிவப்பிலும் இருக்கலாம். 1979இல் தேவிட் புயலும் 1998இல் ஜார்ஜ் புயலும் போட்ட போட்டில் இங்கே பெரியவர்கள் சிவப்பு என்ற சொல்லைக் கேட்டதும் தண்ணீர் பிடித்து வைக்க ஆரம்பித்துவிடுவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இரண்டு மாகாணப் பெயரையும் பார்த்து, எது கடுமையோ அதன்படி நடந்துகொள்ளுங்கள். சிவப்பு நாளில் ஹைனா ஆற்றுப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போக வேண்டாம், சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்.

வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எந்த முனிசிப்பியோ, எந்த செக்டோர் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள் தம்பி. அங்கிருந்து ஹைனாவுக்குக் காலையில் எந்தச் சாலை சரிப்படும் என்று பார்த்துச் சொல்கிறேன்.