ஆச்சி பதில்கள்: இந்த இதழ் முழுக்கக் காசி

ஐப்பசி பிறந்தால் போதும், காசிக் கடிதங்கள் குவிந்துவிடுகின்றன. பலகாரக் கேள்வி, சீர்வரிசைக் கேள்வி எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அறுபதாம் கல்யாணச் சாந்தி முடித்த கையோடு நானும் வீட்டுக்காரரும் காசிக்குக் கிளம்புகிறோம். முதலில் ராமேஸ்வரம் போயே ஆக வேண்டும் என்று நாத்தனார் ஒற்றைக் காலில் நிற்கிறார். அவசியமா?
வாசகி, தேவகோட்டை

நாத்தனார் சொல்வதுதான் முறை. ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுகி, சேது மணல் எடுத்துப் பூஜை செய்து, அந்த மணலைப் பிரயாகைக்குக் கொண்டுபோய்த் திரிவேணி சங்கமத்தில் கரைக்க வேண்டும். அங்கே கங்கை நீர் எடுத்துக்கொண்டு காசி, கயா பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, ராமநாத சுவாமிக்கு அந்த நீரால் அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முடிந்ததாகக் கணக்கு. போகும்போது கடல் மணல், வரும்போது ஆற்று நீர். அப்புறம், ராமேஸ்வரத்துக் கிழக்கு ராஜகோபுரத்தை எடுத்துக் கட்டி முடித்ததே உங்கள் ஊர்க் குடும்பம்தான். தேவகோட்டைக்காரர் இப்படிக் கேட்கலாமா?

பிரயாகையில் தம்பதியாகப் போகிறவர்கள் வேணி தானம் செய்வது உண்டு. கணவர் கையால் மனைவிக்குத் தலை பின்னிவிட்டு, நுனியில் கொஞ்சம் நறுக்கிச் சங்கமத்தில் விடுவார்கள். அறுபது வயதில் அவர் சீப்பைப் பிடிக்கிற அழகைப் பார்க்கவாவது செய்துவிடுங்கள்.

ஆச்சி, இரண்டே நாளில் காசி, பிரயாகை, அயோத்தி மூன்றும் காட்டுவதாக ஒரு டூர்க்காரர் சொல்கிறார். அம்மா, அப்பாவை அனுப்பலாமா?
வாசகர், காரைக்குடி

வேண்டாம் தம்பி. அந்தக் கணக்கில் உங்கள் அப்பா, அம்மா காசியைவிட வேன் ஜன்னலைத்தான் அதிக நேரம் பார்ப்பார்கள். காசிக்கு மட்டுமே மூன்று ராத்திரி வையுங்கள்.

விசுவநாதர் கோயிலில், நம்ம ஊர்க் கோயில் போல நேராக நின்று, தீபாராதனை வெளிச்சத்தில் சுவாமியைப் பார்க்கலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் திகைத்துவிடுவார்கள். கருவறையில் தரை மட்டத்தில் வெள்ளித் தொட்டி மாதிரி இருக்கும், அதற்குள் சிறிய லிங்கம். எட்டிக் குனிந்துதான் பார்க்க வேண்டும். கூட்டம் தள்ளும்போது கண்ணுக்குப் பூ மட்டும்தான் தெரியும். அதனால்தான் ஒரே தரிசனத்தோடு திரும்பாதீர்கள் என்கிறேன். விடிவதற்கு முன் மங்கள ஆரத்தி, இரவு ஏழு மணி வாக்கில் சப்தரிஷி ஆரத்தி, இரண்டில் ஒன்றாவது பார்க்கட்டும். இப்போது நிற்கிற கோயிலை 18-ஆம் நூற்றாண்டில் ராணி அகல்யாபாய் ஹோல்கர் கட்டினார். கோபுரத்துத் தங்கம் பஞ்சாப் மகாராஜா ரஞ்சித் சிங் கொடுத்தது. 2021 டிசம்பரில் கங்கைக் கரைவரை பெரிய வளாகம் திறந்தபிறகு, ஆற்றில் குளித்துவிட்டு நேரே கோயிலுக்கு ஏறி வரலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தப் படிகள் சிரமம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். செல்போனை உள்ளே விட மாட்டார்கள்.

இன்னொன்று. 1863-இல் தொடங்கிய நம் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் கோதௌலியா பக்கம் இருக்கிறது. அங்கிருந்து விசுவநாதருக்குப் பால், பூ, சந்தனம், விபூதி எல்லாம் தினமும் மூன்று வேளை போகிறது. ‘சம்போ, சம்போ’ என்று குரல் கொடுத்துக்கொண்டே அந்தச் சந்தடியில் தூக்கிப் போவார்கள். ரிக்‌ஷாக்காரரும் மாடும் ஒதுங்கி வழி விடுவதைப் பார்க்க வேண்டும்! ‘எங்க ஆட்கள் செய்கிற கைங்கரியம்’ என்று கல்யாண வீட்டில் பெருமை பேசுகிற நம்மவர்களில் பாதிப் பேர், காசிக்குப் போயும் அதன் பின்னால் ஒரு தடவை நடந்ததில்லை. உங்கள் அப்பாவை நடக்கச் சொல்லுங்கள். 2025-இல் சிக்ராவில் நகரத்தாரின் இன்னொரு சத்திரமும் பத்து மாடியில் திறந்திருக்கிறது. எங்கே தங்கினாலும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீர் காட் படித்துறையில் விசாலாட்சி கோயிலையும் விட்டுவிடாதீர்கள். அதுவும் நகரத்தார் பராமரிப்புதான், கோபுரத்தைப் பார்த்தாலே நம்ம பக்கத்துக் கோயில் என்று தெரிந்துவிடும். கேதார் காட் படித்துறையில் குமரகுருபரர் அமைத்த மடம் இருக்கிறது, அங்கே தமிழ் கேட்கலாம்.

என் மாமியார் காசியில் பாகற்காயை விட்டுவிட்டாராம். நானும் ஏதாவது விட வேண்டுமா?
வாசகி, பள்ளத்தூர்

அது காசியில் இல்லை, கயாவில் அட்சய வடம் என்கிற ஆலமரத்தடியில். பல்குனி ஆற்றங்கரையில் பிண்டம் போட்டபின் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலையை விடுவது வழக்கம். பிடித்ததைத்தான் விட வேண்டும். உங்கள் மாமியாருக்குப் பாகற்காய் அவ்வளவு பிடிக்குமா என்று நான் கேட்கப்போவதில்லை. நம் வீடுகளில் கயாவுக்குப் போனவர்கள் விட்ட காய்களைக் கணக்கெடுத்தால் பாகற்காய்தான் முதலில் நிற்கும், மாம்பழத்தை விட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

எந்த மாதம் போகலாம்? ஆடியில் டிக்கெட் சுலபமாகக் கிடைக்கிறதே?
வாசகர், கானாடுகாத்தான்

கிடைக்கும், ஏனென்றால் ஆற்றுக்கு அப்போதுதான் கோபம். ஆடி, ஆவணியில் வெள்ளம் ஏறினால் படித்துறைகள் முழுகிவிடும். படகை நிறுத்திவிடுவார்கள், தசாசுவமேதப் படித்துறையில் நடக்கிற கங்கை ஆரத்தியே மேலே மாடிக்குப் போய்விடும். வடக்கே சிவனுக்கு உகந்த சிராவண மாதம் பெரும்பாலும் ஆடியில்தான் வரும் என்பதால் கோயிலிலும் கூட்டம் நெரியும். ஐப்பசிக் கடைசி, கார்த்திகை நல்லது. தீபாவளியை ஒட்டிச் சில நாள் தங்க அன்னபூரணி தரிசனம் உண்டு. மார்கழியில் குளிரைவிடப் பனிமூட்டம் தொல்லை, ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும்.

போனால் விடியற்காலையில் படித்துறையில் இருங்கள். தென்கிழக்காக ஓடி வந்த கங்கை காசியில் வளைந்து வடக்கே ஓடுகிறாள். ஊர் முழுவதும் மேற்குக் கரையில்தான். எதிரே வெறும் மணல் திட்டு. அதனால் சூரியன் எழும்போது அசி முதல் வருணை வரை படித்துறை அத்தனையிலும் ஒரே நேரத்தில் வெயில் விழும். ஊருணித் தண்ணீரை ஊரே காவல் காத்துக் குடித்து வளர்ந்த நமக்கு, அவ்வளவு தண்ணீரைப் பார்த்தால் பேச்சே வராது. தண்ணீர் சுத்தமா என்று கேட்பவர்களுக்கு: குளியுங்கள், குடிக்க வேண்டாம்.

காலபைரவரைக் கடைசி நாளில் பார்த்தால் போதுமா?
வாசகர், நெற்குப்பை

காசிக்குக் காவல் அதிகாரி அவர்தான், ‘கோத்வால்’ என்றே அழைப்பார்கள். வந்ததும் ஒரு கும்பிடு, ஊர் திரும்பும்போது ஒரு கும்பிடு. கறுப்புக் கயிறு அங்கேதான் கட்டுவார்கள். பக்கத்திலேயே வைரவன்பட்டி பைரவர் கோயிலை வைத்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

அப்பத்தா கொண்டுவந்த கங்கைச் செம்பு ஈயத்தால் வாய் அடைத்தபடியே சாமி அறையில் இருக்கிறது. உடைக்கலாமா?
வாசகி, கோனாபட்டு

உடைக்காமல் அப்படியே ராமேஸ்வரத்துக்கு எடுத்துப் போங்கள். கோயில் அலுவலகத்தில் கங்கை அபிஷேகத்துக்குச் சீட்டு வாங்கினால் சுவாமிக்குச் செய்து தருவார்கள். செம்பை மட்டும் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள், அந்தக் காலத்துக் கனம் இப்போது கடையில் கிடைக்காது.