முன்னாள் ராணுவத்தினர் ஓய்வூதியம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

1986-ல் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தேன், 28 வருடம் கழித்து சுபேதாராக வெளியே வந்தேன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் நம் ஆட்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் மனு எழுதிக் கொடுப்பதுதான் வேலை.

கே: அப்பா ஹவில்தார், போன மாதம் தவறிவிட்டார். அம்மா பெயர் ஆதாரில் விஜயலட்சுமி, பி.பி.ஓ.வில் (ஓய்வூதிய ஆணையில்) லட்சுமி. குடும்ப ஓய்வூதியம் கிடைக்குமா ஐயா?

ப: கிடைக்கும் தம்பி, கொஞ்சம் அலைய வேண்டும். இரண்டு பெயரும் ஒருவர்தான் என்று அபிடவிட், இறப்புச் சான்றிதழ், ஆதார், டிஸ்சார்ஜ் புக் (ராணுவத்திலிருந்து வெளியேறும்போது கொடுக்கும் புத்தகம்) எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அங்கிருந்து அப்பாவின் சர்வீஸ் பதிவேடுகள் இருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்குப் போய், அவர்கள் பெயரைத் திருத்திய பிறகுதான் பிரயாக்ராஜில் உள்ள ராணுவ பென்ஷன் கணக்கு அலுவலகத்தில் பி.பி.ஓ. மாறும். அப்பா 67 வயதுக்குள் இறந்திருந்தால் முதலில் கூடுதல் விகிதம், அதாவது கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை. 7 வருடம் அல்லது அவருக்கு 67 முடிந்திருக்கும் நாள், எது முன்னால் வருகிறதோ அதுவரை. அப்புறம் 30 சதவீதம்.

இதே சிக்கலோடு ஒரு அம்மா கணவரின் கறுப்பு டிரங்குப் பெட்டியையே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார். மூடியில் வெள்ளை பெயிண்டில் நம்பரும் பேரும். உள்ளே, யூனிஃபார்முக்கு அடியில், பாலித்தீன் கவரில் டிஸ்சார்ஜ் புக். அதில் மனைவி பெயராக வீட்டில் கூப்பிடும் பேர்! திருத்தி முடிக்க 14 மாதம். ஆகவே உயிரோடு இருக்கும் மகாராசன்களே, இன்று ராத்திரியே புக்கை எடுத்து மனைவி பெயரையும் பிறந்த தேதியையும் பாருங்கள்.

கே: ராணுவ கேண்டீன் கார்டு புதுப்பிக்க என்ன செய்வது?

ப: உங்கள் கேண்டீனில் கேளுங்கள்.

கே: மகனுக்கு 26 வயது, வேலை இல்லை. இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) உண்டா?

ப: மகனுக்கு 25 வரைதான். மகளுக்கு வயது வரம்பு இல்லை, கல்யாணமோ வேலையோ ஆகும்வரை உண்டு.

கே: பி.பி.க்கும் சுகருக்கும் டிசபிலிட்டி பென்ஷன் (ஊன ஓய்வூதியம்) வாங்குகிறார்களே, கையும் காலும் போனவனுக்கு இது அவமானம் இல்லையா?

ப: இல்லை. சேரும்போது உங்களை ஆடையைக் கழற்றி உச்சி முதல் உள்ளங்கால்வரை சோதித்துத்தானே எடுத்தார்கள்? அப்போது இல்லாத நோய் சர்வீஸில் வந்தால், அது சர்வீஸால் வரவில்லை என்று காட்ட வேண்டியது அரசு. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இதுதான். அவருக்கு வந்தது வலிப்பு.

கே: (அதே நண்பர்) 30 சதவீத ஊனத்தை 50 ஆக ஏற்றிக் கணக்கிட்டுப் பென்ஷன் கொடுப்பதுமா நியாயம்? ஊரில் இருப்பவனுக்கும் பி.பி. வருகிறதே.

ப: ஊரில் இருப்பவன் வருடத்தில் பத்து மாதம் பெண்டாட்டி பிள்ளையை விட்டுப் பனியில் நிற்கிறானா? ஏமாற்றுகிறவன் இருக்கிறான், மறுக்கவில்லை. அவனைப் பிடிக்க மெடிக்கல் போர்டு இருக்கிறது. நான் பார்த்தவர்களில் வாங்காமல் விட்டவர்களே அதிகம், நானே ஒருவன். ஃபயரிங் ரேஞ்சில் இடது காது பாதி போய்விட்டது. வெளியேறும் மெடிக்கலில் டாக்டர் கேட்டார், "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்றேன். சாயங்கால ரயிலைப் பிடிக்கும் அவசரம்! இன்றும் போனை வலது காதில்தான் வைக்கிறேன். வெளியேறப் போகிற தம்பிகள் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லித் தொலைக்காதீர்கள்.

கே: கேண்டீனில் மாதம் எத்தனை பாட்டில்?

ப: கேண்டீன் கேள்வி இது இரண்டாவது. இனி பதில் இல்லை.

கே: ஸ்பர்ஷ் (ராணுவ பென்ஷன் வலைத்தளம்) ஆபீஸ் என்று போன் செய்து, லைஃப் சர்டிஃபிகேட்டுக்கு ஓ.டி.பி. கேட்கிறார்கள்.

ப: திருடன். வையுங்கள் போனை.

கே: ஐயா, உங்கள் வீட்டில் பெயர் சரியாக இருக்கிறதா?

ப: 2016 வரை இல்லை. அவள் வள்ளியம்மை, புக்கில் வள்ளி. கல்யாணமான புதிதில் எழுதிக் கொடுத்தவன் நான்தான்.