நுரையீரலில் வால்வு பொருத்துவது யாருக்குப் பயன்படும்? – கேள்வி பதில்

சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு வந்துள்ள புதிய சிகிச்சைகள் குறித்துக் குமரி மாவட்டத்தார் கேட்ட கேள்விகளுக்கு, நாகர்கோவிலில் நெஞ்சக நோய் மருத்துவராக இருக்கும் நான் பதில் தருகிறேன்.

குலசேகரம்: என் அப்பா முப்பது ஆண்டுகள் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை பார்த்தவர், பீடியை நிறுத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நாலடி நடந்தாலே மூச்சு முட்டுகிறது. அவருக்கு வால்வு வைக்கலாமா?

பதில்: அவர் பீடியை விட்டது நல்லது, புகைப்பதை நிறுத்தாதவருக்கு இச்சிகிச்சை கிடையாது. சி.ஓ.பி.டி. உள்ள எல்லாருக்கும் இது உரியதும் அன்று. காற்றுப்பைகள் சிதைந்து, உள்ளே போன காற்று வெளியேற வழியின்றித் தேங்கி, நுரையீரல் ஊதிப் பெருத்து, மூச்சுவிட உதவும் தசையான உதரவிதானத்தைக் கீழே அழுத்தும் எம்பிசிமா வகையினருக்கே இது பொருந்தும். நுரையீரல் மடல்கள் எனும் பெரும் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது; மிகவும் சிதைந்த மடலுக்குச் செல்லும் கிளைக்குழாய்களில், மூச்சுக்குழாய்க்குள் செலுத்திப் பார்க்கும் பிராங்கோஸ்கோப் வழியாகச் சில ஒருவழி வால்வுகளைப் பொருத்துவார்கள். அவை காற்றையும் சளியையும் வெளியே விடும். காற்றை உள்ளே விடா. அந்த மடல் சுருங்கியதும், அதுவரை நெருக்குண்டு கிடந்த நல்ல பகுதிக்கு விரிய இடம் கிடைக்கும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 ஜூனில் செஃபிர் வால்வுக்கும், அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பைரேஷன் வால்வுக்கும் அனுமதி அளித்தது.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரு மடலை அடுத்த மடலிலிருந்து பிரிக்கும் பிளவுதான். அது இரண்டையும் முழுமையாகப் பிரிக்கவில்லையென்றால் பக்கத்து மடலிலிருந்து காற்று கசிந்து வந்துகொண்டே இருக்கும். வால்வு வைத்தும் மடல் சுருங்காது. ஆகவே சி.டி. ஸ்கேன், முழுமையான நுரையீரல் செயல்திறன் சோதனை, ஆறு நிமிட நடைச் சோதனை ஆகியவற்றை முடித்த பின்பே பேச்சைத் தொடங்க வேண்டும்.

மார்த்தாண்டம்: என் மாமாவுக்கு வால்வு வைத்த மறுநாளே நுரையீரலிலிருந்து காற்று கசிந்து, விலாவில் குழாய் போட்டு ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். இதை ஏன் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை?

பதில்: சொல்லாதது பெரும் தவறு. செஃபிர் வால்வைச் சோதித்த லிபரேட் என்ற ஆய்வில் 190 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். வால்வு பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முதல் 45 நாட்களுக்குள் இந்தக் காற்றுக்கசிவு நேர்ந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. பெரும்பாலான கசிவுகள் முதல் மூன்று நாட்களிலேயே வருவதால், அந்நாட்களில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

மார்த்தாண்டம் (மீண்டும்): நான்கில் ஒருவருக்கு ஆபத்து என்றால் இதை எப்படிச் சிகிச்சை என்று சொல்கிறீர்கள்?

தக்கலை: மேலே கேட்டவருக்கு என் பதில்: என் அண்ணனுக்கு வைத்து ஒரு வருடம் ஆகிறது, இப்போது தாமாகவே குளிக்கிறார். பயமுறுத்தாதீர்கள்.

பதில்: இருவர் சொல்வதும் உண்மையே, ஒருவருக்கு நடந்ததைக் கொண்டு மற்றவருக்குத் தீர்ப்பு எழுத முடியாது. அதே ஆய்வில், முதல் வினாடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு 15 சதவீதமாவது கூடியவர்கள், ஓராண்டு முடிவில் வால்வு பெற்றவர்களில் நூற்றுக்கு 48 பேர்; பெறாதவர்களில் 17 பேர். படுக்கையிலிருந்து குளியலறை வரை போவதற்கு இரண்டு முறை உட்கார்ந்து எழும் ஒருவருக்கு அந்தச் சிறு முன்னேற்றம் பெரிய விடுதலை. மறுபுறம், பேருந்து நிறுத்தம் வரை நடந்து போகிறவர் அந்த ஆபத்தை ஏற்க நான் பரிந்துரைக்க மாட்டேன். தேவைப்பட்டால் வால்வுகளை எடுத்துவிடவும் முடியும். மார்பைத் திறந்து சிதைந்த பகுதியை வெட்டியெடுக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு; அப்படி வெட்டியெடுத்த நுரையீரலை மீண்டும் வைக்க முடியாது. ஆனாலும் அதை ஒதுக்கிவிட முடியாது. 1,218 பேரை வைத்து நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், மேல்மடலில் சிதைவு மிகுந்து உடல் உழைப்புத் திறன் குறைந்திருந்தவர்கள் அதனால் கூடுதல் காலம் வாழ்ந்தனர். முடிவை நோயாளி எடுக்கட்டும். ஆனால் மார்த்தாண்டத்தவர் சொன்ன அந்த ஒன்பது நாளையும் அவருக்குச் சொல்லிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

அகஸ்தீஸ்வரம்: அம்மா பீடி தொட்டதே இல்லை. நாற்பது ஆண்டுகள் அக்கானி (பதநீர்) காய்ச்சிக் கருப்பட்டி செய்தவர். அவருக்கும் வால்வு உதவுமா?

பதில்: விறகுப் புகையால் வரும் சி.ஓ.பி.டி.யில் காற்றுப்பைச் சிதைவைவிட மூச்சுக்குழாய்ச் சுருக்கமே மிகுதியாக இருக்கும். அதனால் அவர்களில் வால்வுக்குப் பொருந்துவோர் குறைவு. அம்மா உறிஞ்சும் மருந்தை எப்படி எடுக்கிறார் என்று ஒரு முறை பக்கத்தில் இருந்து பாருங்கள். சென்ற மாதம் ஒரு பெண்மணி, கருவியைத் திருகாமலே வாயில் வைத்து உறிஞ்சினார். திறந்து பார்த்தால் மருந்துத்தூள் அடங்கிய கேப்சூல் பிளவுபடாமல் முழுசாகக் கிடந்தது. ஆறு மாதமாக அவர் வெறும் காற்றைத்தான் உறிஞ்சியிருக்கிறார். சரியாக உறிஞ்சக் கற்றுக்கொள்ளாமல் எவரும் புதிய சிகிச்சை கேட்டு வர வேண்டாம்.

குளச்சல்: அப்பாவுக்கு 74 வயது. வால்வு வைக்கலாமா?

பதில்: வயதைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. குலசேகரத்தாருக்குச் சொன்ன பரிசோதனைகளைச் செய்துவிட்டு வாருங்கள்.

திருவட்டாறு: வால்வு வைத்தால் பீடியை விட வேண்டியதில்லை என்கிறார்களே?

பதில்: தவறு. முதல் பதிலின் முதல் வரியைப் படியுங்கள்.

ஆரல்வாய்மொழி: ஸ்டெம் செல் ஊசி போட்டால் நுரையீரல் புதிதாக வளரும் என்று ஓர் இடத்தில் பணம் கேட்கிறார்கள்.

பதில்: கொடுக்காதீர்கள். சி.ஓ.பி.டி.க்கு அது பயன் தரும் என்பதற்குச் சான்று இல்லை.

கருங்கல்: நுரையீரலுக்குச் செல்லும் நரம்பை முடக்கும் சிகிச்சை, மூச்சுக்குழாயின் உட்சவ்வைக் குளிரால் உறையவைக்கும் சிகிச்சை என்றெல்லாம் படித்தேன்.

பதில்: இரண்டும் ஆய்வு நிலையில் உள்ளவை. பணம் வாங்கிக்கொண்டு செய்வதாக யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள்.

இரணியல்: வீட்டில் ஆக்சிஜன் கருவி வாங்கிவிட்டோம். மூச்சு முட்டும்போது மட்டும் பத்து நிமிடம் வைத்தால் போதுமா?

பதில்: போதாது. அமைதியாக இருக்கும்போதே இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 சதவீதமோ அதற்குக் கீழோ நிலையாக இருக்கும் நோயாளிக்கு, நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் வைத்தால்தான் ஆயுள் நீளும். தூங்கும் நேரத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். அளவு அதற்கு மேல் இருந்தால் கருவியே தேவைப்படாமலும் போகலாம், ஆகவே தமனி இரத்தச் சோதனை செய்து, நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அடுப்பும் சாமி விளக்கும் எரியும் அறையில் கருவியை வைக்காதீர்கள்.