நகை வங்கியில், ஏறிய விலை மச்சானின் கையில்

கேள்வி (2021): மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறேன். ஓவியம்தான் தொழில். கோவில் சுவர், சிலைகளுக்கு வர்ணம், கூத்துக்கும் பாடசாலை விழாவுக்கும் மேடைத்திரை, வீட்டில் பிள்ளைகளுக்குச் சித்திர வகுப்பு. 2020 மார்ச் ஊரடங்கோடு எல்லாம் நின்றது. அந்த ஏப்ரலில் மனைவியின் 8 பவுண் நகையை (சங்கிலி, காப்பு, அட்டியல்) வங்கியில் 3,20,000 ரூபாவுக்கு அடகு வைத்தோம். இந்த ஏப்ரலில் தவணை முடிந்தபோது பவுணுக்கு 60,000 தந்தார்கள். பழைய கடனை அதிலேயே கழித்துவிட்டு மறுபடி அடகு வைத்தோம்; கையில் 1,21,600 வந்தது. அதில் 75,000 மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, ஓட்டோ லீசிங் தவணை கட்டக் கொடுத்தேன். மீதி மகளின் ஒன்லைன் படிப்புக்குப் போனும் வீட்டுச் செலவுமாகப் போயிற்று. இப்போது ஒரு தனியார் கடை பவுணுக்கு 70,000 தருவதாகச் சொல்கிறது. அங்கே மாற்றி, வருவதில் 40,000 கட்டினால் என் கூத்து ஓவியங்களை என்.எஃப்.டி. (இணையத்தில் உரிமைப் பதிவோடு விற்கும் டிஜிட்டல் படம்) ஆக்கி டொலரில் விற்கலாம் என்கிறார் மச்சான். பழைய நகையை விற்றால் பவுணுக்கு 95,000 என்று ஊரில் விலை சொன்னார்கள். கொரோனாவுக்கு முன் வந்ததில் பாதி, மாதம் 30,000 வருகிறது, 26,000 செலவாகிறது. கையிருப்பு 15,000. என்ன செய்யலாம்?

பதில்: சிக்கனமாக இருங்கள் என்று உங்களுக்கு எழுதினால் அது கேலி. கொரோனாவுக்கு முந்திய வருமானத்தின் பாதியில் குடும்பம் நடத்தி, அதிலும் 4,000 மிஞ்சுகிறது. 2020இல் நகையை வைத்ததும் பிழையில்லை, அதற்காகத்தானே நகை. பிழை இந்த ஏப்ரலில் நடந்தது. அதைத்தான் இன்னொரு தடவை செய்யக் கேட்கிறீர்கள்.

1,21,600 வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது வரவு அல்ல, கடன். முதல் வருட வட்டி 12 வீதப்படி 38,400. அதை நீங்கள் கட்டவில்லை, கடனோடு சேர்த்துவிட்டீர்கள். 3,20,000 கடன் 4,80,000 ஆகிவிட்டது. நகை அதே 8 பவுண்தான். போன வருடம் ஒரு பவுணை மீட்க 40,000 போதும், இன்றைக்கு 60,000 வேண்டும். தங்கம் ஏறியதன் பலனில் பெரும்பகுதி உங்கள் வீட்டுக்கு வராமல் மச்சானின் லீசிங்குக்குப் போயிருக்கிறது.

2020 ஓகஸ்டில் மத்திய வங்கி வங்கிகளின் அடகு வட்டிக்கு 10 வீத உச்சவரம்பு வைத்தது உங்களுக்கு நல்லதாய்ப் போயிற்று. அப்படியும் 4,80,000க்கு வருடம் 48,000, மாதம் 4,000. மிஞ்சுகிற காசு முழுவதும் வட்டிக்கே சரி. அடுத்த ஏப்ரலில் கையிலிருந்து ஒரு சதமும் போடாமல் மறுபடி திருப்பி வைக்க வேண்டுமானால், வங்கி பவுணுக்கு 66,000 தர வேண்டும். விலை இதே இடத்தில் நின்றாலே 48,000 தேட வேண்டி வரும், இறங்கினால் அதற்கு மேலும்.

தனியார் கடை பவுணுக்கு 70,000 தருகிறது, சரி. வட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, அவர்களும் முதலில் சொல்லமாட்டார்கள். மாதம் இரண்டரை வீதம் என்று வையுங்கள். 5,60,000க்கு மாதம் 14,000. உங்கள் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி. அந்தக் கடைப் பக்கமே போகவேண்டாம்.

என்.எஃப்.டி.யைப் பற்றி நீளமாக எழுதப் பொறுமையில்லை. அது பெரும்பாலும் கிரிப்டோ என்ற டிஜிட்டல் நாணயத்தில் நடப்பது; அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு இலங்கை வங்கி அட்டைகளைப் பாவிக்க மத்திய வங்கி அனுமதிப்பதில்லை. ஆகவே அந்த 40,000 யாரோ ஒருவரின் கையால்தான் போகும். படம் விற்றாலும் காசு அதே கையால்தான் வரவேண்டும், வராவிட்டால் முறையிட இடமில்லை. படம் விற்கும் முன்பே ஓவியனிடம் காசு கேட்கிற சந்தையில் ஓவியன்தான் வாடிக்கையாளன். லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கிற நம்மூர்ச் சனம் கூத்து முகம், வாவிப் பாலம் என்று கேட்டால், ஏ4 அளவில் நீர்வர்ணத்தில் கீறி, பாதிக் காசு உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்த பிறகு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கு யாருக்கும் கட்டணம் கட்டத் தேவையில்லை.

இனி நகை. 3 பவுண் சங்கிலி, 3 பவுணில் ஒரு சோடிக் காப்பு, 2 பவுண் அட்டியல் எல்லாம் ஒரே அடகுத் துண்டில், அதாவது ஒரே அடகுச் சீட்டில், கிடக்கின்றன. அதனால்தான் மீட்பது மலையாகத் தெரிகிறது. கையிருப்பிலிருந்து மூன்று மாத வட்டி 12,000ஐக் கட்டி, பொருளுக்கு ஒன்றாக மூன்று துண்டு போட்டுத் தரச் சொல்லுங்கள். ஏப்ரலில் செய்தது போல இதையும் கணக்கிலேயே மாற்றலாம். சங்கிலிக்கு 1,80,000, காப்புக்கு 1,80,000, அட்டியலுக்கு 1,20,000. கவுண்டரில் “இப்ப இன்னும் கூடுதலாத் தரலாம்” என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வட்டியை நாள் கணக்கில் போடுகிறார்களா மாதக் கணக்கிலா, இடையில் பகுதிப் பணம் கட்டினால் ஏற்பார்களா என்று அங்கேயே கேளுங்கள்.

பிறகு சங்கிலியை விற்றுவிடுங்கள். மனைவிக்கு இது கசக்கும், தெரியும். பழைய நகைக்குப் பவுண் 95,000 என்று உங்கள் ஊரில் விலை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கழிவு போக 2,80,000 வந்தால், 1,80,000 அந்தத் துண்டை மீட்கப் போகும். மிச்சம் ஒரு இலட்சத்தை அப்படியே அட்டியல் துண்டில் கட்டுங்கள். மொத்தக் கடன் 2,00,000க்கு இறங்கும், வட்டி மாதம் 1,670க்குள் நிற்கும். 4,000இல் மீதி 2,300ஐ மாதாமாதம் அட்டியலுக்குக் கட்டினால் ஒன்பது மாதத்தில் அது வீட்டுக்கு வரும். தங்கம் இன்னும் ஏறலாம். ஏறினால் விற்ற 3 பவுணில் நட்டம்தான், மற்ற 5 உங்களுடையது. விற்காமல் இருந்தால் மொத்தமும் ஏலத்துக்குப் போகிற வழியும் இருக்கிறது.

விற்கும்போது இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். சங்கிலியை மீட்கக் கையில் காசில்லாததால் கடைக்காரரே வங்கிக்கு வந்து கட்டுவார். அந்த வசதிக்காக விலையைக் குறைப்பார். கழிவு எவ்வளவு என்பதை வங்கிக்குப் போவதற்கு முன்பே தனியாகப் பேசி முடியுங்கள். உங்கள் கண் முன்னே நிறுக்க வேண்டும்.

மச்சான் 75,000ஐ ஒரேயடியாகத் தரமாட்டார். 2020இல் ஓட்டோ லீசிங்குக்குச் சலுகைக் காலம் கொடுத்தபோது தவணைதான் தள்ளிப்போனது, வட்டி ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் தடுமாறுவது அதில்தான். ஆனால் அவருக்குக் கொடுத்த காசுக்கு மாதம் 625 ரூபா வட்டியை நீங்கள் கட்டுகிறீர்கள். அந்த 625ஐயாவது மாதாமாதம் காப்புத் துண்டில் அவரே கட்டிப் பற்றுச்சீட்டைக் கொண்டுவரட்டும். இதை நீங்கள் பேசினால் மனத்தாங்கல் வரும். அவரின் அக்காவான உங்கள் மனைவி பேசட்டும், நகை அவருடையது. மீட்டு முடியும் வரை அந்த நகையை நம்பி ஒருவரும் காசு கேட்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லட்டும்.

இந்த வைகாசிக் கண்ணகி அம்மன் சடங்குக் காலம் கொரோனாப் பயணத்தடைக்குள் போய்விட்டது. அடுத்த வருடம் கோவில் வேலை திரும்பினால் அச்சாரக் காசில் கவனமாக இருங்கள். உங்கள் தொழிலில் அச்சாரம் வீட்டுச் செலவுக்குப் போய், பெயின்ட் கடனுக்கு வாங்கி, வேலை முடிந்து வருகிற காசு கடைக்காரருக்குப் போவதுதான் வழக்கம். அச்சாரம் வந்த அன்றே பிரைமர், இமல்சன், எனாமல், தூரிகை எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். பெயின்ட் விலை நிலையாக நிற்பதில்லை; விலைமதிப்பில் “14 நாளைக்கு மட்டும்” என்று எழுதுங்கள். முடிவில் கையில் வருவதில் பாதி காப்புத் துண்டுக்கு.

துண்டு பிரிக்க வங்கிக்குப் போகும்போது மூல அடகுத் துண்டும் அடையாள அட்டையும் வேண்டும். துண்டு மனைவியின் பெயரில் இருந்தால் அவரும் வரவேண்டும். புதுத் துண்டுகளில் தவணைத் திகதியையும் வீட்டு முகவரியையும் அங்கேயே வாசித்துப் பாருங்கள். ஏல அறிவித்தல் வருவது அந்த முகவரிக்குத்தான்.