பள்ளி நூலகருக்குச் சக ஊழியர் எங்கே?

அன்புள்ள அக்கா,

திருவண்ணாமலை பக்கம் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் நூலகராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. நூலக அறிவியலில் முதுகலைப் பட்டமான எம்.எல்.ஐ.எஸ். முடித்தவள். கணக்குக்கு மட்டும் இங்கே ஐந்து ஆசிரியர்கள். ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் இன்னொருவரிடம் கேட்டுக்கொள்கிறார்கள். எனக்கு, ஒரு புத்தகத்தை எந்த அலமாரியில் வைப்பது என்று கேட்கக்கூட ஆள் இல்லை. யாராவது ஆசிரியர் லீவு போட்டால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிடுகிறார்கள். நூலகர்களுக்கான ஏழு வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறேன். காலை வணக்கமும் வேலைவாய்ப்புச் செய்தியும் பிடிஎப்களும்தான் வருகின்றன. இணையத்தில் தொழில் தொடர்புகளை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு இந்திய நூலகத் துறையின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன்தான் நினைவுக்கு வந்தார். அவர் முதலில் கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக வந்தவருக்கு அந்தத் தனிமை தாங்கவில்லை, கொஞ்ச நாளிலேயே என்னைத் திரும்பப் பாடம் நடத்தவே அனுப்பிவிடுங்கள் என்று போய்க் கேட்டார். லண்டன் போய் நூலகத் தொழிலைப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பழைய வேலையைத் தருகிறோம் என்றார்கள். அங்கே அவர் படித்ததோடு நிற்காமல் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களுக்கு நேரில் போய் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார், திரும்பி வந்தவர் இந்தத் தொழிலை விடவே இல்லை. நமக்கு அப்படி ஊர் ஊராகப் போக முடியாது. இணையம் அந்த வேலையில் ஒரு பங்கைச் செய்யும், ஆனால் குழுவில் சேர்ந்தால் மட்டும் நடந்துவிடாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த பள்ளியில் மூவாயிரத்துச் சொச்சம் புத்தகங்களின் பட்டியலை எனக்கு முன்பிருந்தவர் எக்செல்லில் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார், அதில் ஆங்கில எழுத்துகள்தான் தமிழ் வடிவத்தில் தெரியும். அதைக் கோஹா என்கிற நூலக மென்பொருளுக்கு மாற்றினேன். திரையில் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நின்றது. 'கோஹாவில் தமிழ் வரவில்லை, உதவுங்கள்' என்று ஒரு குழுவில் போட்டேன். நான்கு நாள் ஒருவரும் பதில் சொல்லவில்லை. கோபமாகக்கூட இருந்தது. அப்புறம் யோசித்தால், அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்லியிருக்க முடியாது. மறுபடி எழுதினேன்: எக்செல்லில் ஒரு வரி எப்படித் தெரிகிறது, கோஹாவில் அதே வரி எப்படித் தெரிகிறது, இரண்டுக்கும் படம், என்ன எழுத்துரு, எந்த வடிவில் சேமித்தேன், என்னவெல்லாம் முயன்று பார்த்தேன் என்று. அன்று சாயங்காலமே யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பள்ளி நூலகர் எழுதினார். முதலில் எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு அதற்கான கோப்பு வடிவமான யுடிஎப்-8 ஆகச் சேமியுங்கள், மொத்தமாக ஏற்றாமல் பத்து வரியை மட்டும் ஏற்றிப் பாருங்கள் என்றார்.

செய்தேன், தமிழ் வந்தது. ஆனால் எக்செல்லில் அதே நெடுவரிசையில் இருந்த ஆங்கிலப் புத்தகப் பெயர்களும் சேர்ந்து மாறி, அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாகிவிட்டன! ஆங்கிலத் தலைப்புகளை முதலிலேயே தனியாகப் பிரித்துவிட வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. இதைத் திரும்பப் போய்க் குழுவில் எழுதினேன். நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு நான்கைந்து பேர் தனியாக எழுதினார்கள், அவர்கள்தான் இன்றுவரை என் சக ஊழியர்கள். கேட்பவர்கள் நிறையப் பேர், சொன்னபடி செய்தேன், இன்னது நடந்தது என்று திரும்பி வந்து சொல்பவர்கள் குறைவு. நீங்கள் அப்படிச் சொல்பவராக இருங்கள்.

ஏழு குழுவில் ஐந்தை விட்டு வெளியே வாருங்கள். பதிப்புரிமை உள்ள புத்தகங்களின் பிடிஎப்பை யார் அனுப்பினாலும் நீங்கள் மேலே அனுப்ப வேண்டாம், நூலகர் செய்யக்கூடாத வேலை அது. பிள்ளைகளின் முகம், பெயர், யார் என்ன புத்தகம் எடுத்தார் என்கிற விவரம், இவை எதுவும் பள்ளிக்கு வெளியே போகக்கூடாது.

தமிழ்நாட்டுக்கு வெளியேயும் பாருங்கள். பள்ளி நூலகர்களுக்கென்றே 1971இல் தொடங்கிய ஒரு சர்வதேசச் சங்கம் இருக்கிறது, ஐ.ஏ.எஸ்.எல். என்பார்கள். அக்டோபரைப் பள்ளி நூலக மாதமாக நடத்துகிறார்கள். வேறொரு நாட்டுப் பள்ளியோடு உங்களைச் சேர்த்துவிடுவார்கள், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கையால் செய்த புத்தகக் குறிகளை மாற்றிக்கொள்வார்கள். அந்த நூலகரோடு பேச இதைவிட எளிய காரணம் கிடைக்காது. ஆங்கிலம் பிழையாக வருமே என்று தயங்காதீர்கள், அங்கே எழுதுகிற பலருக்கும் அது தாய்மொழி இல்லை. தமிழிலேயே செய்ய வேண்டுமென்றால் சிறுவர் கதைகளைப் பல மொழிகளில் இலவசமாகத் தரும் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரு கதையை மொழிபெயர்த்து, உங்கள் மூன்றாம் வகுப்பில் வாசித்துக் காட்டி, எந்தச் சொல்லில் பிள்ளைகள் தடுக்கினார்கள் என்று எழுதுங்கள். அது மற்ற நூலகர்களுக்கு நிச்சயம் உதவும்.

வகுப்பு பார்க்க அனுப்புவது பற்றி: யுனெஸ்கோவும், நூலகச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான இஃப்லாவும் சேர்ந்து 1999இல் வெளியிட்ட பள்ளி நூலக அறிக்கை, பள்ளி நூலகர் என்பவர் நூலகத்தைத் திட்டமிட்டு நடத்தும் தகுதி பெற்ற பணியாளர் என்கிறது. அச்செடுத்துத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். உடனே எதுவும் மாறாமல் போகலாம், இருந்தாலும் கொடுங்கள், அடுத்த முறை பேச அது கையில் இருக்கும்.

சரி, ஒரு புத்தகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்றீர்களே, எந்தப் புத்தகம் என்று எழுதவில்லை. அட்டை, பொருளடக்கம் இரண்டையும் படம் எடுத்து, எந்த இரண்டு வகைப்பாட்டு எண்களுக்கு நடுவில் குழம்புகிறீர்கள் என்றும் சேர்த்து அனுப்புங்கள். யாழ்ப்பாணத்துக்காரரிடமும் காட்டிவிட்டுப் பதில் எழுதுகிறேன்.