இரவு விமானத்தில் பிசினஸ் கிளாஸ், இறங்கியதும் இணைப்பு விமானம்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். முதல்முறையாகப் பிசினஸ் கிளாஸில் போகிறீர்கள். ஒரு வழியில் இரவு ஏழு மணி நேரப் பயணம், விடியற்காலை இறங்கி ஒரு மணி நேரத்தில் அடுத்த விமானம், அதில் ஐந்து மணி நேரம். மற்றொரு வழியில் இரவு பத்து மணி நேரம், மூன்று மணி நேரக் காத்திருப்பு, பிறகு இரண்டு மணி நேரப் பயணம். கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் வழியில் இரண்டு மணி நேரம் மிச்சம் என்பதால் அதன் பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள்.

நானாக இருந்தால் யோசிக்காமல் இரண்டாவதை எடுப்பேன். இரவு விமானத்தில் கூடுதல் பணம் கொடுப்பதே தூக்கத்துக்காக. ஆகவே எத்தனை மணி நேரம் படுக்க முடியும் என்றுதான் முதலில் கணக்குப் போட வேண்டும்.

போட்டுப் பாருங்கள். டிக்கெட்டில் ஏழு மணி நேரம் என்று போட்டிருந்தால், அது வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறு ஊரின் வாயிலில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து, மேலேறி, சீட் பெல்ட் விளக்கு அணைய முக்கால் மணி நேரம் போய்விடும். இரவுச் சாப்பாட்டுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம். இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே விளக்கைப் போட்டுக் காலைச் சிற்றுண்டியோடு வந்து நிற்பார்கள். மிஞ்சுவது நான்கு மணி நேரம்கூட இல்லை. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு இரவில் பறப்பவர்கள் கண் சிவந்து இறங்குவது இதனால்தான். பின்னாலிருந்து தள்ளும் மேல்காற்று விமானத்தை இன்னும் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பத்து மணி நேரப் பயணத்தில் இதே கழித்தலுக்குப் பிறகும் ஆறரை மணி நேரத்துக்கு மேல் தேறும். விமான நிலையத்தில் பிசினஸ் கிளாஸ் பயணிகளுக்கான ஓய்விடமான லவுஞ்சிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறி, சிற்றுண்டிக்கு எழுப்ப வேண்டாம் என்று பணிப்பெண்ணிடம் சொல்லிவைத்தால் இன்னும் கூடும்.

அடுத்து இருக்கை. விமான நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பாதீர்கள், விமானத்தின் வகையையும் பாருங்கள். முழுக்கத் தட்டையாகும் படுக்கையைப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000-ஆம் ஆண்டிலேயே பிசினஸ் கிளாஸுக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் ஒரே நிறுவனத்துக்குள் ஏற்றத்தாழ்வு உண்டு. எமிரேட்ஸின் ஏர்பஸ் ஏ380-இல் வரிசை 1-2-1, அதாவது இரண்டு நடைபாதைகளுக்கும் நடுவே இரண்டு இருக்கை, இரு ஜன்னல் பக்கமும் ஒவ்வொன்று. எழுந்து போக யாரையும் தாண்ட வேண்டாம். அதே நிறுவனத்தின் புதுப்பிக்கப்படாத போயிங் 777-இல் 2-3-2. நடுவில் மாட்டிக்கொண்டால் அது வேறு கதை. ஏர்பஸ் ஏ350, போயிங் 787 இரண்டிலும் உள்ளே காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயரத்தில் இருப்பதுபோல வைக்கப்படுகிறது. பழைய விமானங்களில் அது 8,000 அடி வரை போகும். எனக்குக் காலையில் தலை கனக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இருக்கை வரைபடத்தில் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வடிவமைப்புகளில் உங்கள் பாதம் முன்னிருக்கைக்கு அடியில் உள்ள ஒரு பொந்துக்குள் போகும். ஒருமுறை எனக்கு வாய்த்த பொந்து, இரண்டு பாதத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மட்டுமே கொள்ளும் அளவு. புரண்டு படுக்க, முதலில் காலை வெளியே இழுக்க வேண்டும், பிறகு திரும்ப வேண்டும், பிறகு மறுபடி நுழைக்க வேண்டும். இரவெல்லாம் அதுதான் வேலை. இந்த வகை அமைப்பில் பெரும்பாலும் முதல் வரிசையில் கால் நீட்ட இடம் தாராளமாக இருக்கும். குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும் அநேகமாக அங்கேதான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சமையலறைத் திரைக்குப் பக்கத்து இருக்கை வேண்டவே வேண்டாம்; திரை விலகும்போதெல்லாம் வெளிச்சம் முகத்தில் அடிக்கும்.

இனி இணைப்பு. ஒரு மணி நேரம் என்பது உண்மையில் நாற்பது நிமிடம்தான், ஏனென்றால் வாயிலைப் பதினைந்து இருபது நிமிடம் முன்பே அடைத்துவிடுவார்கள். பிசினஸ் கிளாஸ் பயணிதான் முதலில் இறங்குவார், ஓடிப் பிடித்துவிடலாம் என்று நானும் ஒருமுறை நம்பினேன். விமானத்தைக் கட்டடத்தை ஒட்டி நிறுத்தாமல் தள்ளி நிறுத்தினார்கள். முதல் ஆளாக இறங்கினேன், பஸ்ஸில் முதல் ஆளாக ஏறினேன், அது நிரம்பும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நான் ஏற வேண்டிய விமானம் கண்ணாடிக்கு வெளியே பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

ஊருக்கு ஊர் நடைமுறையும் வேறு. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் மாறுகிறவர்களுக்கு மறுபடி பாதுகாப்புச் சோதனை. முனையம் மாறினால் பஸ் வேறு. அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவுச் சோதனை முடித்து, பொதுவாகப் பெட்டியையும் எடுத்து, சுங்கம் கடந்து, திரும்ப ஒப்படைக்க வேண்டும். அங்கெல்லாம் ஒரு மணி நேர இணைப்பு வெறும் சூதாட்டம்.

தவறவிட்டால் அடுத்த விமானம் எப்போது என்பதையும் இப்போதே பாருங்கள். ஐந்து மணி நேரத் தூரத்துக்கு ஒரு நாளில் ஒரே ஒரு விமானம் இருக்கலாம். இரண்டு மணி நேரத் தூரத்துக்குப் பல இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கியிருந்தால், நீங்கள் தாமதமாக வந்தது இரண்டாவது நிறுவனத்தின் கவலை அல்ல.

அந்த இரண்டு மணி நேரப் பயணத்தில் மட்டும் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஐரோப்பாவுக்குள் என்றால் பிசினஸ் கிளாஸ் என்பது பெரும்பாலும் எகானமி இருக்கையேதான், பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டிருப்பார்கள். அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தை நான் வீணென்று சொல்லமாட்டேன். லவுஞ்சுக்குள் நுழைந்தவுடன், காபிக்குப் போகும் முன்பே, குளியலறைக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். இரவு விமானங்கள் அடுத்தடுத்து இறங்கும் அதிகாலையில் அங்கே வரிசை நீளம்.

பதிவு செய்த பிறகு, கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது இருக்கை வரைபடத்தை மறுபடி திறந்து பாருங்கள். விமானத்தை மாற்றியிருந்தால், நீங்கள் தேடிப் பிடித்த இருக்கை எங்கேயோ நடு வரிசைக்குப் போயிருக்கும்.